வாசல் தாண்டாத லோடு

குப்பையக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் ஒரு பெயின்டர். நக்கலுக்குத்தான் வைத்தான். ஆறு மாதம் கழித்து அதே பெயின்டர் அவளைக் கண்டால் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "வாங்கக்கா" என்றான். மரியாதை அப்படித்தான். கேட்டு வாங்கினால் வராது. வந்து ஒட்டிக்கொண்டாலோ ஆளை விடாது. அவளையும் விடவில்லை, அவளும் அதை விடவில்லை. வந்த வினையெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பதினெட்டு வயதில் கலவைச் சட்டி தூக்க வந்தவள். பன்னிரண்டு வருஷம் சித்தாள். பிறகு ஸ்டோரில் ஆணி எண்ணிக் கொடுக்கும் வேலை. அங்கே உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குக் கண் திறந்தது. உள்ளே வருகிற நூறு டைல்ஸில் பன்னிரண்டு, உடைந்து வெளியே போகிறது. முழுப் பலகையை அறுத்து முக்கால் பலகை எடுத்துக்கொண்டு, மிச்சக் கால் பலகையை மழையில் வீசுகிறார்கள். கலவையை மலை மாதிரிக் குழைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். வந்து பார்த்தால் கல்லாகிக் கிடக்கிறது, கடப்பாரையால் உடைத்து எறிகிறார்கள். அவள் வாய் சும்மா இருக்கிற வாய் அல்ல. ஒருநாள் மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"சார், நாம கட்டுறது ஒரு கட்டடம். தூக்கிப் போடுறது இன்னொரு கட்டடம்."

மேனேஜர் அப்போது சிரித்தார். அடுத்த வாரம் கூப்பிட்டு வெள்ளை ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார். வெள்ளை என்றால் எஞ்சினியர்கள் போடுவது. சட்டி தூக்கியவர்கள் தலையில் அது ஏறி யாரும் பார்த்ததில்லை. கட்டடக் கழிவுக்கு இனி அவள்தான் பொறுப்பு. அன்று வீட்டுக்குப் போகிறபோது ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. பொக்லைன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான், அவள் கையைக் காலைப் பிடித்து அதே கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தாள். "இதைப் போட்டுக்கிட்டு நீ பஸ்ல ஏறுனா கண்டக்டர் எழுந்து இடம் குடுப்பான்" என்றான். இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

அவள் வேலை வேலையாகத்தான் இருந்தது, அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அறையின் உயரத்தை அளந்து அதே அளவில் தடுப்புச் சுவருக்கான ஜிப்சம் பலகை வரவழைத்தாள், அறுக்கிற வேலையே பாதி குறைந்தது. டைல்ஸ்காரர்களை உட்கார வைத்து, எந்தத் துண்டு எந்த மூலைக்கு என்று தரையில் கோடு போட்டுக் காட்டினாள். கட்டடத்துக்குப் பின்னால் நான்கு தொட்டி வைத்தாள். மரத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, கல்லுக்கும் கலவைக்கும் ஒன்று, ஜிப்சத்துக்கு ஒன்று. தொட்டிகளை வீணான பலகையிலேயே அடித்துக் கொடுத்தவர் தச்சர். ஊர் முழுக்க அவளைக் குப்பையக்கா என்றது, அவர் மட்டும் தங்கச்சி என்றார். ஒவ்வொரு சாக்கின் கழுத்திலும் ஒரு அட்டை கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டாள். என்ன சரக்கு, எந்த மாடி, என்ன கிழமை என்று அட்டையில் தன் கையாலேயே எழுதினாள். மழையில் எழுத்து அழியாமல் இருக்க மேலே டேப் ஒட்டச் சொன்னதும் அவள்தான்.

வாசலில் வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினாள். அந்த மாதம் எத்தனை லாரி குப்பை வாசலைத் தாண்டிப் போனதோ, அந்த எண்ணை வாட்ச்மேன் அதில் எழுதி வைப்பார். முதல் மாதம் இருபத்திரண்டு. நாலாவது மாதம் பதினான்கு. இது சத்தியமான பதினான்கு. இதோடு நின்றிருந்தால் அவளை உட்கார வைத்துக் கொண்டாடலாம்.

எங்கே நிற்பது. "ஒத்தை இலக்கத்துக்கு வரணும்மா" என்றார் மேனேஜர். "அடுத்த நாலு கட்டடம் நமக்குக் கிடைக்கிறது இந்த போர்டுலதான் இருக்கு. கிடைச்சா நாலுக்கும் நீதான்."

நாலுக்கும் அவள்தானாம். உச்சி குளிர்ந்துபோய்க் கீழே வந்தாள். அன்றே எல்லா மேஸ்திரிகளையும் கூட்டி ஒரு பரிசு அறிவித்தாள். எந்தக் கோஷ்டியின் குப்பை குறைவோ, அந்தக் கோஷ்டி சனிக்கிழமை இரண்டு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போகலாம். எல்லாருமே குறைத்துவிட்டால் எல்லாருமே போகலாம்.

மனுஷனுக்குச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்றால் சும்மாவா. பதினான்கு ஒன்பதாயிற்று. ஒன்பது ஆறாயிற்று. கட்டடம் முடிகிற மாதம் போர்டில் நாலு என்று இருந்தது. யார் யாரோ வந்து போர்டுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் மேஜை மேல் ஒரு கண்ணாடிக் கேடயம் வந்து உட்கார்ந்தது.

நடுவில் ஒரு திங்கட்கிழமை. காலையில் வந்து பார்த்தால் ஜிப்சம் தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை அது வாய் வரைக்கும் நிறைந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு லோடும் வெளியே போகாது, அவளோ எதிலும் கையெழுத்துப் போடவில்லை. காலித் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளேயே எதற்காவது பயன்படுத்தியிருப்பார்கள், பயல்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டாள். யாரையாவது கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். அதனால்தான் அவள் கேட்கவில்லை.

கட்டடம் முடிகிற சமயத்தில்தான் தச்சர் சாரத்திலிருந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலுக்கு ஈடாகக் கம்பெனி அவருக்கு அதே கட்டடத்தில் ஒரு வீடு கொடுத்தது. படி ஏற முடியாதே என்று தரைத்தளத்தில். பெருந்தன்மை என்று எல்லாரும் சொன்னார்கள். குப்பையக்காவும் சொன்னாள். சாவி வாங்குகிற அன்று அவர் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு, "தங்கச்சி பாத்துப் பாத்துக் கட்டுன வீடு, வேற என்ன வேணும்" என்றார்.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அவள் அப்போது அதே வளாகத்தில் எழும்பிக்கொண்டிருந்த இரண்டாவது கட்டடத்தில் இருந்தாள்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. வீட்டுல ஒரு வாடை. பிளம்பர் மூணு தடவை பாத்துட்டான், குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். ஆபீஸ்ல யாரும் என் போனை எடுக்குறதில்ல. நீ ஒரு எட்டு வந்து பாரேன்."

வாசல் படியிலேயே அவளுக்கு மூக்கில் ஏறியது. அழுகின முட்டை வாடை. தச்சரின் மனைவி கட்டிலில் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு மாதமாகத் தலைவலி, கண் எரிச்சல். படுக்கையறை மூலையில் தரை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. குப்பையக்கா குனிந்து விரல் முட்டியால் டைல்ஸைத் தட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம். தச்சரின் பெட்டியிலிருந்து உளியை எடுத்து ஒரு டைல்ஸைப் பெயர்த்தாள். கீழே கான்கிரீட் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாட்ச்மேனிடம் வாங்கி வந்த கடப்பாரையால் இரண்டு குத்துதான், துவாரம் விழுந்தது. கறுப்பாய் ஊறின தண்ணீர், அதில் மட்கின சிமென்ட் பைக் காகிதம், மரத்துண்டு, கூழாய்ப்போன ஜிப்சம். கையை விட்டு ஒரு சாக்கை இழுத்தாள். சாக்கு கிழிந்து, கழுத்தும் அட்டையும் மட்டும் கையோடு வந்தது.

டேப் ஒட்டியிருந்ததால் எழுத்து நன்றாகவே இருந்தது. ஜிப்சம், மூணாவது மாடி, வெள்ளி. அவள் கையெழுத்து.

"என்ன தங்கச்சி அது?"

"ஏதோ பழைய சாக்குண்ணே. பாக்கச் சொல்றேன்" என்றாள், அட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பைக்குள் போட்டபடி. வாய் கூசாமல்தான் சொன்னாள்.

தம்பி இரண்டாவது கட்டடத்தில் வண்டிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். அட்டையை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். பார்த்துவிட்டு மறுபடியும் கிரீஸ் அடித்தான்.

"தரைத்தளத்து அஸ்திவாரக் குழிக்குள்ள போட்டியாடா?"

"ஆளுயரக் குழி அக்கா. தரை கடைசியிலதானே போட்டாங்க. எப்படியும் மண்ணு போட்டு நிரப்பணும். மேஸ்திரிங்க கேட்டாங்க, தள்ளிவிட்டேன்."

"எப்ப?"

"சனிக்கிழமைதான். எல்லாரும் சீக்கிரம் கிளம்பிடுவாங்களே, நீயும் போயிடுவ. எந்தத் தொட்டி நிறைஞ்சிருக்கோ அதைத் தள்ளி, மேல ஒரு அடி மண்ணு."

அவள் கொடுத்த இரண்டு மணி நேரம். பரிசு.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"ஒருநாள் வந்தாரு. பாத்தாரு. குழி நிரம்புனா சரின்னுட்டுப் போனாரு. லாரியில மண்ணு கொண்டாற வேலை அவருக்கு மிச்சம்." கிரீஸ் துப்பாக்கியைக் கீழே வைத்தான். "ஏன் என்னை மட்டும் மொறைக்குற? போர்டுல நம்பர் இறங்குனப்ப உன் மூஞ்சியை நீ பாக்கல, நான் பாத்தேன். உனக்காகத்தான் பண்ணேன். காலித் தொட்டியைப் பாத்துட்டு நீ ஒரு தடவை கேட்டிருக்கியா, எங்கடா போச்சுன்னு?"

அவள் திரும்பி நடந்தாள். கேட்கவில்லைதானே.

மேனேஜர் அட்டையைத் தொடவில்லை. மேஜையில் வைத்ததைப் பேனா முனையால் அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"சரிம்மா, இப்ப என்ன பண்ணணும்கிற?"

"தோண்டி எடுக்கணும் சார். தரைத்தளத்துல ஆறு வீடு. ஆறையும்."

"எடுத்தா நாப்பது லோடு வரும். போர்டுல நாப்பது எழுதச் சொல்றியா? கேடயத்தைத் திருப்பிக் குடுக்கணும், நாலு கட்டடமும் போயிடும், உன் தம்பிதான் முதல்ல மாட்டுவான்." குரலைத் தணித்தார். "போர்டுல எண்ணுறது வாசலைத் தாண்டுற லோடு. அந்தக் கணக்கு நீ வச்சது, நான் வைக்கல. இது தாண்டலையே. தச்சருக்கு ஒரு காத்துக்குழாயும் புது டைல்ஸும் போட்டுக் குடுக்கச் சொல்றேன். நீ அடுத்த கட்டடத்தைப் பாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். தான் பரிமாறிய இலையிலேயே அது நடக்கும் என்று நினைத்ததில்லை. ஆத்திரம் வந்தது, அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் தச்சரிடம் போய் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். தம்பியைச் சொன்னாள், சனிக்கிழமையைச் சொன்னாள், காலித் தொட்டியையும் சொன்னாள். அவர் திட்டுவார், கட்டையால் ஒன்று போடுவார் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் ஒற்றைச் செருப்பைக் கட்டையால் நேராக்கி வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத." நிமிர்ந்தார். "வாங்குறதுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வராங்க. வித்துட்டு மக ஊருக்கே போயிடுறோம். நீயும் வா தங்கச்சி. ஆபீஸ்ல உன் போட்டோ மாட்டியிருக்கே, அவங்களும் பாத்திருப்பாங்க. நல்ல கட்டடம்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"தெரிஞ்சு எப்படிண்ணே சொல்றது?"

"என் காலு போனப்ப யாரும் எப்படின்னு கேக்கல" என்றார் தச்சர். "எனக்கு இதைவிட்டா வேற வழி இல்ல."

போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை, அந்த மனுஷனுக்கு அவள் பட்ட கடன் அப்படி. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. தரையை வாசனைத் திரவம் ஊற்றித் துடைத்திருந்தார்கள். மூலைக்கு மேல் ஒரு பாய், பாய் மேல் தச்சரின் மரப்பெட்டி.

வந்தவர்கள் சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி, கையில் தவழ்கிற வயசுக் குழந்தை. அந்தப் பெண்ணுக்கு அவளைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தது.

"நீங்கதானே போர்டு பக்கத்துல நிக்கிறவங்க? ஆபீஸ்ல போட்டோ பாத்தேன். இந்தக் கட்டடத்துல ஒரு செங்கல்லு கூட வீணாகலையாமே."

புருஷன்காரன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "லேசா ஏதோ வாடை வர மாதிரி இருக்கு. நீங்க சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா. கட்டடம் எப்படி?"

தச்சர் கட்டையைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"நல்ல கட்டடம்" என்றாள் குப்பையக்கா.

தச்சர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. புருஷன்காரன் தலையாட்டினான். அந்தப் பெண் நிம்மதியாகக் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அது இரண்டு கையும் ஊன்றி, விறுவிறுவென்று நேராகப் பாயை நோக்கிப் போனது. அங்கே நின்று குனிந்து, பாயின் ஓரத்தைத் தூக்கி வாயில் வைத்தது.

அவள் எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையை வாரித் தூக்கித் தாயின் கையில் திணித்தாள்.

"தரையில விடாதீங்கம்மா. அடியில குப்பை இருக்கு. நான் சேத்த குப்பை."

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் நின்று முழுதாகக் கேட்கக்கூட இல்லை. போகும்போது அந்தப் பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை தச்சர் மேலேயும் விழுந்தது, அதைத்தான் குப்பையக்காவால் தாங்க முடியவில்லை.

"அண்ணே" என்றாள்.

"போதும் மேடம்." தச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "கட்டடம் ஒரு காலைத்தான் எடுத்துச்சு. மிச்சத்தை நீங்க எடுத்துட்டீங்க. உங்க மனசு சுத்தமாகணும்னு என் வீட்டை அழிச்சுட்டீங்க."

திங்கட்கிழமைக்குள் விஷயம் வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. வண்டி டிரைவர் யாரையும் கேட்காமல் தானாகச் செய்த தவறு என்று கம்பெனி காகிதம் போட்டது. தம்பிக்கு வேலை போயிற்று. மேனேஜர் அவளிடம், "ஹெல்மெட்டை மேஜையில வச்சுட்டுப் போம்மா" என்றார். கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தம்பிக்குப் போன் அடித்தாள், அவன் மனைவி எடுத்து "அவர் இல்லைங்க" என்றாள். அண்ணி என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். பின்னால் அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை தச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் சொந்தக் கடப்பாரை, தோளில் காலிச் சாக்குக் கட்டு.

"கம்பெனி தோண்டாதுண்ணே. நான் தோண்டுறேன். இந்த ஒரு அறையாவது."

அவர் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த அறைக்குப் போய் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் பாயைச் சுருட்டினாள், டைல்ஸைப் பெயர்த்து அடுக்கினாள், குழிக்குள் இறங்கினாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அள்ளினாள். பன்னிரண்டு வருஷம் சட்டி தூக்கிய தோள், மறக்கவில்லை. ஒவ்வொரு சாக்காகச் சுமந்து வாசலுக்கு வெளியே, அவள் பேசி வைத்திருந்த சின்ன வண்டியில் ஏற்றினாள். வண்டி நிறைந்து கிளம்பியபோது வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"இதை போர்டுல எழுதணுமாக்கா? நீங்கதான் இப்ப வேலையிலயே இல்லையே."

"வாசலைத் தாண்டுச்சா இல்லையா?"

"தாண்டுச்சு."

"அப்ப எழுதுங்க."

இரண்டாவது கட்டடத்துக்கு அந்த மாதம் மூன்று என்று போட்டிருந்தது. அவர் அழித்துவிட்டு நான்கு என்று எழுதினார்.

புதன்கிழமை காலை அவள் வந்தபோது போர்டில் மறுபடியும் மூன்று என்று இருந்தது. அழிக்கிற துணியும் இல்லை, சாக்பீஸும் இல்லை. "மேனேஜர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாருக்கா" என்றார் வாட்ச்மேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் உள்ளே போய்க் குழியில் இறங்கினாள். மத்தியானம் இரண்டாவது லோடு கிளம்பியது. நேற்று வெளியே எடுத்துப் போட்டு வெயிலில் காய்ந்திருந்த ஜிப்சம் துண்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போர்டுக்கு முன்னால் போய் நின்றாள். சாக்பீஸும் அதே சரக்குதான். முந்தானையால் மூன்றைத் துடைத்துவிட்டு, அழுத்தி, ஐந்து என்று எழுதினாள்.